அவன் எம்புட்டு நாளா அங்க கெடந்தான்

...இடைவேளைக்கு முன்னால்தான் அந்தக் காட்சி வந்தது என்று நினைக்கிறேன், ஆனால் யாராவது சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன், ஏனென்றால் இடைவேளைக்குப் பின்னாலும் அதே காட்சிதான் வந்தது, பந்தியில் சாம்பார் வாளி சரிந்து அவன் சட்டை நனைகிறது, அடுத்த இலைப் பெரியவர் எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் தம்பி என்கிறார், தியேட்டரே சிரிக்கிறது, பக்கத்தில் என் கணவரும் சிரித்தாரா... அதுதான் தெரியவில்லை, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். படம் அந்த மாதிரிப் படம். கல்யாண வீடியோ எடுக்கப் போன ஒருவன் மண்டபத்து மாடி அறையில் தூங்கி எழுகிறான், முகூர்த்தம், பந்தி, சாம்பார், இரவு, தூக்கம், எழுந்தால் மறுபடி அதே முகூர்த்த நாள், அதே மேளம், அதே சாம்பார். அவனுக்கு மட்டும்தான் நடந்தது ஞாபகம் இருக்கிறது, மண்டபத்தில் வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. இப்படிப்பட்ட படத்தை இடைவேளை முடிந்து ஆபரேட்டர் தவறுதலாகக் கொஞ்சம் பின்னாலிருந்து ஓட்டிவிட்டால் யார் கண்டுபிடிப்பார்கள், யார் விசில் அடிப்பார்கள், இன்னொரு நாள் விடிந்திருக்கிறது என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேனா, இல்லை, நான் அவர் பக்கம் திரும்பி இதையேதானே இப்போது பார்த்தோம் என்று கேட்டேன், கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன், அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் அழிந்துபோய்விட்டது, யாருக்கு ஞாபகம் போயிற்று, அவருக்கா எனக்கா...

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் மதுவந்தி கேட்டதும் அதை ஒட்டித்தான். எங்கள் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, ஆனால் குரலில் அவசரம் இல்லை, அவசரம் இல்லாததே என்னைப் பயமுறுத்தியது. "கடைசியா இவர நார்மலா எப்பப் பாத்தீங்கம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அத வச்சுத்தான் நாங்க முடிவு பண்ணணும்." மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றால் ஆரம்பித்துச் சில மணி நேரத்துக்குள் ஒரு ஊசி போட வேண்டுமாம், நேரம் கடந்துவிட்டால் அந்த ஊசியே ஆபத்தாம், உள்ளே ரத்தம் கசியலாமாம், அதனால் எப்போது ஆரம்பித்தது என்பதை நான் சொல்ல வேண்டும், நான் மட்டும்தான் சொல்ல முடியும். படம் முடிந்தபோதா, இடைவேளையிலா? நார்மல் என்றால் என்ன, டாக்டர்? என் கணவர் கிரிதரன் காளவாசலில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், காலையில் பல் துலக்கும்போது பேச ஆரம்பிப்பார், இரவு தூக்கம் வரும்வரை நிறுத்த மாட்டார், கடைக்கு வருகிறவர்களின் மூக்கைப் பற்றி, பஸ்ஸில் ஏறியவனைப் பற்றி, நான் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தின் அட்டையைப் பற்றி. பேசிக்கொண்டிருந்தால் அது அவருக்கு நார்மல். இடைவேளையில் அவர் பேசவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அது நோயா, அல்லது நான் சொன்னதற்கு அதுதான் பதிலா...

நான் சொன்னது இதுதான். நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், கொட்டாம்பட்டிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஒரு கல்லூரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள், நூலகர் வேலை, வளாகத்துக்குள்ளேயே குடியிருக்க வீடு, போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன், அவரிடம் சொல்லாமலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு அறை, ஒரு சமையல்மேடை, ஜன்னலுக்கு வெளியே கடலைக்காடு, அதற்கப்பால் திருச்சி ரோட்டில் லாரிகள் சத்தமில்லாமல் போகின்றன, அவ்வளவு தூரம், அவ்வளவு அமைதி, அந்த அறையின் நடுவில் நின்றபோது என் காதில் என் மூச்சு கேட்டது, எத்தனையோ வருஷமாக நான் அதைக் கேட்டதில்லை. மதுரையிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான், யாரும் அதற்காக வீடு மாற மாட்டார்கள், அதனால்தான் சொல்வது கடினமாக இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அடிக்கிற மனிதர் இல்லை, குடிக்கிற மனிதர் இல்லை, புருஷன் பேசுகிறான் என்பதற்காகத் தனியாகப் போகிறேன் என்று எந்த ஊரில் யாரிடம் சொல்ல முடியும்... அதனால் வீட்டில் சொல்லாமல் தியேட்டரில் சொன்னேன், இடைவேளை வெளிச்சத்தில், அவர் பப்ஸ் வாங்கிவந்து என் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதைக் கடிக்கப் போன நேரத்தில். எங்கள் பாஷையில் சொன்னேன். நாங்கள் சௌராஷ்டிரர்கள், வீட்டுக்குள் எங்கள் பாஷைதான், வாசலைத் தாண்டினால் அவர் தமிழுக்கு மாறிவிடுவார், ஏன் என்று கேட்டால் ஜோக் சொன்னால் நாலு பேர் சிரிக்க வேண்டாமா என்பார். சுற்றி இருப்பவர்களுக்குப் புரியக் கூடாது என்று நான் எங்கள் பாஷையில், மெதுவாக, கொட்டாம்பட்டியில் நான் தனியாக இருக்கப் போகிறேன், வாரக் கடைசியில் வருகிறேன், சில வாரம் வராமலும் இருப்பேன் என்றேன். அவர் கை பாதியில் நின்றது. பப்ஸ் துகள் சட்டையில் விழுந்தது, தட்டிவிடவில்லை. பேசுவார் பேசுவார் என்று காத்திருந்தேன். விளக்கு அணைந்தது.

பிறகு சாம்பார் வாளி, பெரியவர், சிரிப்பு. பிறகு படம் முடிந்தது. வீடியோக்காரன் எப்படி வெளியே வருகிறான் என்றால், மண்டபத்தில் சாப்பிட வந்த அத்தனை பேரிடமும் பேசிப் பேசி, யாருக்கு இலையில் என்ன வேண்டும், யார் உப்பு சேர்க்கக் கூடாது, யார் யாரோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார் என்று முழு மண்டபத்தையும் தெரிந்துகொள்கிறான், கடைசியில் வாளி சரிவதற்கு முன்னால் ஒரு கை அதைப் பிடிக்கிறது, மறுநாள் விடிகிறது. எத்தனை நாள் அப்படிக் கிடந்தான் என்று படத்தில் சொல்லவில்லை. எழுந்து நடக்கும்போது அவர் கேட்டார், "அவன் எம்புட்டு நாளா அங்க கெடந்திருப்பான்?" எனக்கு அழுகை வருவதுபோல ஒரு நிம்மதி. சரி, நான் சொன்னதை அவர் வேறொரு நாளைக்குத் தள்ளிவைத்திருக்கிறார், ரெண்டு வருஷம் இருக்கும் என்றேன். "ரெண்டு வருஷமா? நானா இருந்தா ஒரே நாள்ல எல்லார்ட்டயும் பேசி முடிச்சு வெளிய வந்திருப்பேன். நீயா இருந்தா ஆயுசு பத்தாது" என்று சிரித்தார், என் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். குத்தல்தான். எனக்கு அது வேண்டியதுதான் என்று பேசாமல் வந்தேன். படிக்கட்டில் இறங்கும்போது மறுபடி கேட்டார். அதே வார்த்தை, அதே குரல். வண்டி நிறுத்திய இடத்தில் மறுபடி. இப்போது எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன், நடிக்கிறார், படத்தில் பார்த்ததை என்னிடம் நடித்துக் காட்டுகிறார், நான் சொன்னதைக் காதில் வாங்காததுபோல இப்படி ஒரு விளையாட்டு, இதைத் தவிர வேறு எதையும் உனக்குச் சொல்ல மாட்டேன் என்கிற மாதிரி. அவர் அப்படிப்பட்டவர்தான், என் மாமனார் இறந்த வீட்டிலேயே யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடியைப் பற்றிப் பேசிச் சிரிக்க வைத்தவர். எனக்குக் கோபம் ஏறியது. எனக்குக் கோபம் வந்தால் பேச மாட்டேன். பேசவில்லை.

பேசாமல் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன், அவர் ஓட்டினார், அந்த நிலைமையில் இருந்த மனிதர் கோரிப்பாளையம் சந்திப்பில் பாலம் கட்டும் தகரத் தடுப்புக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் என்னை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறார். கை தவறவில்லை. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தார், தர்கா பக்கம் ரோட்டைக் கடந்த ஒரு அம்மாவுக்காக நின்று வழிவிட்டார். சிக்னலில் தலையைத் திருப்பி, அவன் எம்புட்டு நாளா அங்க கெடந்திருப்பான். நான் பஸ்ஸின் பக்கவாட்டைப் பார்த்தேன். என்ன கோவமா என்றார். பச்சை விழுந்தது. ஆற்றுப்பாலத்தில் காற்று. அடுத்த சிக்னலில் மறுபடி, அதற்கும் நான் பேசவில்லை, மறுபடி என்ன கோவமா, மறுபடி... ஒரு மனுஷி எத்தனை முறை பேசாமல் இருக்க முடியும், நான் இருந்தேன், எனக்கு அது சுலபம், அதுதான் எனக்கு நன்றாக வரும். அந்த நேரமெல்லாம் டாக்டரின் கணக்கில் போய்க்கொண்டிருந்த நேரம்.

காளவாசலில் பாண்டியம்மாள் மாவுக்கடையில் வண்டியை நிறுத்தினார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கேதான் தோசைமாவு வாங்குவோம், நான் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன், அவர் போய் ஒரு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டு வண்டிக் கொக்கியில் மாட்டினார், சாவியைப் போட்டார், எடுத்தார், இறங்கினார், மறுபடி கடைக்குப் போனார். ஒரு பாக்கெட் மாவு என்றார். பாண்டியம்மாள் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். திரும்பி வந்து கொக்கியில் ஏற்கெனவே தொங்கிய பையைப் பார்த்தார், அதை யாருடையது என்பதுபோலப் பார்த்தார், கையிலிருந்த பாக்கெட்டை அதற்குள் வைத்தார், சாவியைப் போட்டார், எடுத்தார், இறங்கினார்.

"அண்ணே, என்னண்ணே, இப்பத்தான வாங்குனீக? மாவ வச்சு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறீகளா?" என்றாள் பாண்டியம்மாள். அவர் சிரிக்கவில்லை. அந்த ஜோக்குக்கு அவர் சிரிக்கவில்லை, பதிலுக்கு ஒன்று சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், என்னைத் தேடினார், பக்கத்தில் நின்றிருந்த என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "ரம்யா, படம் முடிஞ்சிருச்சா?"

நடிக்கத் தெரிந்த முகம் அது இல்லை. அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, இருட்டில் படி தேடுகிற கால் மாதிரி ஒரு முகம். கடைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன், ஏங்க, ஏங்க என்கிறேன், வேறு சொல் வரவில்லை, வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த பேசாத சொல்லெல்லாம் எங்கே போயிற்று... பாண்டியம்மாள்தான் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து எதிரே ஆட்டோவில் இருந்த சிவபாண்டியைக் கூப்பிட்டாள். "யக்கா, நீங்க ஏறுங்க. அண்ணன நான் பாத்துக்கறேன். வண்டி இங்கயே கெடக்கட்டும்" என்றான் அவன். ஆட்டோவில் ஏறியதும் இவர், யாருக்கு உடம்பு சரியில்ல, உனக்கா என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சிவபாண்டி ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

எமர்ஜென்சி வார்டில் திரைபோட்ட ஒரு கட்டில், அதில் அவர், பக்கத்தில் ஸ்டூலில் நான், ஸ்கேன் அறை காலியாகக் காத்திருக்கிறோம். கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார், சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார், பெயர், கடைப் பெயர், மகள் ஓசூரில் வேலை பார்ப்பது, எல்லாம் சொன்னார். எதுவும் தங்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்ப்பார், பிறகு தொடங்கும். படம் முடிஞ்சிருச்சா. முடிஞ்சிருச்சுங்க. நாம எப்படி இங்க வந்தோம். ஆட்டோவில். யாருக்கு உடம்பு சரியில்ல, உனக்கா. உங்களுக்குத்தான். எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன், சரி, அவன் எம்புட்டு நாளா அங்க கெடந்திருப்பான்... இந்த இடத்தில்தான் நான் கவனமாக இருக்க வேண்டும் என்று இரண்டு மூன்று சுற்றில் கற்றுக்கொண்டேன். தெரியாது என்று சொன்னால் அவர் பயப்படுகிறார், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நமக்கு என்ன ஆச்சு, நாம ஏன் இங்க இருக்கோம் என்று குரல் உடைகிறது, நாடித்துடிப்பு காட்டும் மானிட்டரில் பச்சைக் கோடு துள்ளுகிறது. பத்து வருஷம் என்றால் புருவத்தைச் சுருக்கிக் கணக்குப் போட ஆரம்பித்து வழி தவறிவிடுகிறார். ரெண்டு வருஷம் என்றால் மட்டும் சிரிக்கிறார். ரெண்டு வருஷமா, நானா இருந்தா ஒரே நாள்ல, நீயா இருந்தா ஆயுசு பத்தாது, மணிக்கட்டில் இரண்டு தட்டு. அதனால் ஒவ்வொரு முறையும் ரெண்டு வருஷம் என்றேன். நர்ஸ் அன்னக்கொடி ஊசிக்குழாயைச் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள், "அவன விடுங்க சார், நான் எம்புட்டு நாளா இந்த வார்டுலயே கெடக்கேன்னு கேளுங்க" என்றாள். அவர் ரசித்துச் சிரித்தார். அடுத்த சுற்றில் அவளையே புதிதாகப் பார்த்து வணக்கம் சொன்னார்.

படத்தில் இது சிரிப்பாக இருந்தது. எல்லோரும் மறந்துபோகிறார்கள், ஒருவனுக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது, நாங்கள் சிரித்தோம், அவன் எவ்வளவு பயந்திருப்பான் என்று தியேட்டரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே மூச்சு, அதே இழுவை, மணிக்கட்டில் முதல் தட்டு கொஞ்சம் அழுத்தம், இரண்டாவது லேசு, ஒருமுறைகூட மாறவில்லை, மாறாதா என்று நான் காத்திருந்தேன், ஒருமுறை அந்தத் தட்டு விழாமல் போனால்கூடப் போதும் என்று... மனிதர் என்று நினைத்திருந்தேனே, உள்ளே இப்படி ஒரு பல்சக்கரம்தானா? இத்தனை வருஷம் இந்தப் பேச்செல்லாம் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்ததா, நான்தான் கேட்காமல் இருந்ததால் கவனிக்கவில்லையா? என்னுடைய மௌனம் மட்டும் என்ன, அதுவும் ஒரே மௌனம்தானே, புத்தகத்தைத் திருப்பிவைத்து, கண்ணாடியைக் கழற்றி, ம் என்று ஒரு ம், அவர் அதை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பார். இது சரியாகவில்லை என்றால்? இனிமேல் இதுதான் என்றால்? நாளைக்கும் அதற்கு மறுநாளும் நான் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து ரெண்டு வருஷம், ரெண்டு வருஷம் என்று சொல்லிக்கொண்டே கிழவியாகிவிடுவேனா, கொட்டாம்பட்டி அறையில் கடலைக்காட்டைப் பார்த்து யாரோ உட்கார்ந்திருப்பார்கள்... அப்போதுகூட அந்த அறை ஞாபகத்துக்கு வந்ததே, என்ன பிறவி நான்.

டாக்டர் மதுவந்தி மறுபடி வந்தார். அதிர்ச்சியாக ஏதாவது கேள்விப்பட்டாரா, யாருடனாவது சண்டையா, மனசுக்குக் கஷ்டமான பேச்சு ஏதாவது... சில பேருக்கு அப்படி ஒன்றுக்குப் பிறகு மூளை கொஞ்ச நேரம் எதையும் பதிய மறுத்துவிடும், அடைப்பாக இல்லாமல் அதுவாகவும் இருக்கலாம், ஒரு நாளில் தானாகச் சரியாகிவிடும், சிலருக்குப் பச்சைத்தண்ணீரில் குளித்தால்கூட வரும் என்றார். நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். இடைவேளையில் ஒன்று சொன்னேன். படம் பார்த்தோம், காமெடிப் படம் என்றேன். எப்போது ஆரம்பித்தது என்றதற்கு, படம் முடியும்போது என்றேன். சரியான பதிலா? இடைவேளையிலிருந்து கணக்கு வைத்தால் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டதோ, படம் முடிந்ததிலிருந்து வைத்தால் கடக்கவில்லையோ, ஒருவேளை அந்தக் காட்சி இரண்டு முறை ஓடியிருந்தால் இடைவேளைக்கும் முடிவுக்கும் நடுவில் நான் நினைத்ததைவிட நேரம் கூடவா, ஆபரேட்டரின் தவறுக்கும் அவர் உயிருக்கும் இப்படி ஒரு சம்பந்தமா... டாக்டர் சரி, ஸ்கேன் வரட்டும், அதுவரை எதுவும் போட வேண்டாம் என்று போய்விட்டார். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இவருக்குப் படம் ஞாபகம் இருக்கிறது. வீடியோக்காரன், மண்டபம், பந்தியில் ஒவ்வொருவரோடும் அவன் பேசியது, எல்லாம் இருக்கிறது. நடுவில் நான் சொன்னது மட்டும் இல்லை. அது எப்படி. இரண்டு பக்கமும் இருக்க நடுவில் ஒரு துண்டு மட்டும் எப்படிப் போகும்? நான் நிஜமாகவே சொன்னேனா?

அன்னக்கொடி அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் சற்று நேரத்தில் படம் முடிஞ்சிருச்சா என்பார். அதற்கு முன்னால் நான் குனிந்து எங்கள் பாஷையில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை, சொன்னேனா என்று உறுதிப்படுத்திக்கொள்ளவா, மறந்துவிடுவார் என்ற தைரியமா, அந்தச் சக்கரத்தில் எதையாவது போட்டு நிறுத்த வேண்டும் என்ற பயமா... கொட்டாம்பட்டியில் வீடு தருகிறார்கள், நான் தனியாகப் போய் இருக்கப் போகிறேன், எனக்கு அமைதி வேண்டும் என்றேன். அவர் ஃபேனிலிருந்து கண்ணை இறக்கினார். சிரிக்கவில்லை. மணிக்கட்டைத் தேடவில்லை. தியேட்டர் வாசலிலிருந்து அதுவரை தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தவர் எங்கள் பாஷையில், வீட்டில் விளக்கணைத்த பிறகு பேசும் அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னார், போயிட்டு வா, நான் வாய் மூடினா வீட்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கும், அதுக்குப் பயந்துதான் பேசிட்டே இருக்கேன். இந்த வார்த்தைகள்தான் என்று நினைக்கிறேன். தமிழில் எழுதும்போது கொஞ்சம் மாறிப்போகிறது, அந்தப் பயம் என்கிற சொல் எங்கள் பாஷையில் இன்னும் சின்னச் சொல், குழந்தைகள் சொல்வது.

எனக்குள் என்னவோ சரிந்தது, பிடிக்க ஒரு கை இல்லை. இத்தனை வருஷம் நான் அமைதி அமைதி என்று தேடியது, அவருக்கு யாருமே இல்லாத வீடு. அவர் கண் மறுபடி ஃபேனுக்குப் போனது, போகக் கூடாது என்று நினைத்தேன், போயிற்று, படம் முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சுங்க, ஆட்டோவில், உங்களுக்குத்தான், ரெண்டு வருஷம், சிரிப்பு, தட்டு. நடந்தது எதுவும் நடக்காததுபோல. அப்போது எனக்கு ஒரு ஆசை வந்தது, வெட்கமில்லாத ஆசை, அதை இன்னொரு முறை கேட்க வேண்டும். மறுபடி சொன்னால் மறுபடி அதே பதில் வரும், சக்கரம்தானே, மற்றதெல்லாம் வார்த்தை மாறாமல் வந்ததே. குனிந்தேன். அதே வாக்கியத்தை, அதே பாஷையில், அதே குரலில் சொன்னேன், ஒரு சொல் மாற்றவில்லை. அவர் கண்ணை இறக்கி என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், நான் அந்தச் சின்னச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்டார், நீ எவ்வளவு நாளா இப்படி இருக்க?

எவ்வளவு நாளா... வீடியோக்காரனுக்கு ரெண்டு வருஷம் என்று சட்டென்று வருகிறதே, எனக்கு? கல்யாணமான புதிதிலிருந்தா, மகள் ஓசூர் போனதிலிருந்தா, அந்த அறையின் நடுவில் நின்ற நாளிலிருந்தா? தெரியாது என்றால் பயப்படுவார், ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும், வாயைத் திறந்தேன், அதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள், அன்னக்கொடி எழுந்திருங்க சார் என்றாள், அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே போனார், ஸ்கேன் அறைக் கதவு மூடும்வரை. திரும்ப வெளியே கொண்டுவந்தபோது என்னைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தார். "ரம்யா, படம் முடிஞ்சிருச்சா?"

ஸ்கேனில் அடைப்பு இல்லை, டாக்டர் சொன்ன அந்தக் கொஞ்ச நேர மறதிதான். மறுநாள் காலையில் காபி கேட்டார், நான் இப்போது வாங்கி வருகிறேன் என்றேன், மறுபடி கேட்கவில்லை. தியேட்டரில் ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டுக்குத் தனியாகக் காசு கேட்டவனோடு வாதாடியது வரை ஞாபகம் இருந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, படம்கூட இல்லை. அந்த நேரம் திரும்ப வராது, பெரும்பாலும் இது மறுபடியும் வராது என்றார்கள். மகள் இந்துப்ரியா ஓசூரிலிருந்து வந்து சில நாள் இருந்துவிட்டுப் போனாள். பாண்டியம்மாள் மாவு கொடுக்கும்போது போதுமாண்ணே என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறாள், சிவபாண்டி ஆட்டோவை மெதுவாக்கிக் கையசைத்துவிட்டுப் போகிறான். கொட்டாம்பட்டி வேலைக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன், மேலூர்க்காரர் ஒருவர் சேர்ந்துவிட்டார் என்று கேள்வி. இவர் கடைக்குப் போகிறார், வருகிறவர்களிடம் பேசுகிறார். வீட்டில் முன்னைப்போலப் பேசுவதில்லை, களைப்பு, போகப் போகச் சரியாகும் என்கிறார்கள். எனக்கு நிறைய அமைதி கிடைத்திருக்கிறது, புத்தகம் பல நாளாக ஒரே பக்கத்தில் திறந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் டிவியில் வந்தது. அவர் முதல்முறையாகப் பார்ப்பவர்போல முழுக்கப் பார்த்தார், சாம்பார் வாளிக்குச் சிரித்தார், அந்தக் காட்சி எத்தனை முறை வந்தது என்று நான் எண்ணவில்லை, எண்ணப் பயந்து சமையலறையில் நின்றேன். படம் முடிந்த சத்தம் கேட்டதும் கரண்டியோடு வந்து கதவருகே நின்றேன், அவர் அவர்தானே, ஞாபகம் இல்லாத மனிதருக்கு அதே கேள்விதானே வர வேண்டும், ரெண்டு வருஷம் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் டிவியை அணைத்தார், மாவு வாங்கிவரப் பையை எடுத்துக்கொண்டு போனார். அவன் எவ்வளவு நாள் அங்கே கிடந்தான் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.